கிடைக்காததும் ஒரு முடிவே: பி. வி. ஸ்ரீகண்டனின் ஆய்வு வாழ்வு

கிழக்கேகோட்டைப் பேருந்து நிறுத்தத்தில் ஆய்வு மாணவர் இருவர் சந்தித்துக்கொண்டால் முதலில் எழும் வினா, "எத்தனை கட்டுரை வெளிவந்தது?" என்பதே. என்னிடமும் அண்மையில் அது கேட்கப்பட்டது. அதற்கான விடையைத் தேடும்போது நினைவுக்கு வந்தவர், இந்தியாவில் காமாக் கதிர் வானியலுக்கு அடித்தளமிட்டோருள் ஒருவரான பி. வி. ஸ்ரீகண்டன் (1925–2019).

மைசூருக்கு அருகிலுள்ள நஞ்சன்கூட்டில் பிறந்த அவர், 1948இல் பம்பாயின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார். ஹோமி பாபா அவரை அனுப்பியது கோலார் தங்கவயலுக்கு. அண்டக் கதிர்களால் உண்டாகும் மியூவான் துகள்கள் நிலத்தினுள் எவ்வளவு ஆழம் ஊடுருவுகின்றன என்பதைச் சுரங்கத்தில் இறங்கி அளந்தார். அவ்வளவீடுகளை அவருடைய குழுவினர் மேலும் ஆழத்திற்குக் கொண்டுசென்றனர். 1960களின் தொடக்கத்தில், மிக ஆழமான தளத்தில் பல வாரங்கள் கருவியை இயக்கியும் ஒரு மியூவான்கூடப் பதிவாகவில்லை. அந்த இன்மையே வாய்ப்பாயிற்று. பிற துகள்கள் எட்டாத இடத்தில் நியூட்ரினோவைத் தேடலாம் என்பது தெளிவாகி, 1965இல் வளிமண்டல நியூட்ரினோ அங்குக் கண்டறியப்பட்டது.

1967இல் துடிவிண்மீன்கள் கண்டுபிடிக்கப்பட்டன. 1969இல் உதகையில் காமாக் கதிர்த் தேடல் தொடங்கியது. உயர் ஆற்றல் காமாக் கதிர் தரையை எட்டுவதில்லை. வளிமண்டலத்தில் துகள் பொழிவாகச் சிதறி, ஒரு நொடியின் நூறுகோடியில் சில பங்கே நீடிக்கும் செரன்கோவ் ஒளியை எழுப்பும். நிலவற்ற, முகிலற்ற இரவுகளில் ஆடிகளைக் கொண்டு அதைப் பிடிக்கவேண்டும். குறிகைகள் சில அறிவிக்கப்பட்டன, ஐயங்களும் தொடர்ந்தன. இத்துறையில் ஐயத்திற்கு இடமில்லாத முதற் சான்று 1989இல் அமெரிக்காவின் விப்பிள் ஆய்வகத்திலிருந்து, நண்டு நெபுலாவைப் பற்றி வந்தது. இடைப்பட்ட காலம் இருபது ஆண்டுகள். அதற்குள் ஸ்ரீகண்டன் தம் நிறுவனத்தின் இயக்குநராகப் பன்னிரண்டு ஆண்டுகள் (1975–1987) பணியாற்றி முடித்திருந்தார். உதகைக் குழுவின் பணி பச்மடிக்குப் பெயர்ந்து, பின்னர் லடாக்கின் ஹான்லே வரை நீண்டது.

மொழியியல் பயின்ற எனக்கு இதில் வியப்பில்லை. ஒரு மொழியில் வழங்காத தொடரின் முன் நட்சத்திரக் குறி இடுகிறோம். அக்குறியிட்ட தொடர்களே இலக்கண விதியின் எல்லையைக் காட்டுகின்றன. ஆயினும் ஒரு நிபந்தனை உண்டு. எங்கே, எவ்வளவு நேரம், எத்தகைய கருவியால் தேடினோம் என்று சொல்லாத இன்மை சான்றாகாது. கோலாரில் அது சான்றானது, ஆழமும் நேரமும் அளந்து குறிக்கப்பட்டிருந்ததால்தான்.

நண்பர்களே, நம் ஆய்வேடுகளில் 'தேடினேன், கிடைக்கவில்லை' என்று எழுத ஓர் இயல் ஒதுக்குகிறோமா?