பிணையாத மாவு

நாகனோ நகரிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரம் மலையேறினால் தொகாகுஷி. நெடிய சுகி மரங்களுக்கு நடுவே செல்லும் பாதை, அதன் முடிவில் பழைய மலைக்கோயில், வழியெங்கும் சோபாக் கடைகள். (சோபா என்றதும் வரவேற்பறை இருக்கையை நினைத்துவிட வேண்டாம். பக்வீட் மாவைப் பிசைந்து, தேய்த்து, கத்தியால் நூலாக அரியும் ஜப்பானிய உணவு இது.) பயணிகளுக்குச் சோபா செய்யக் கற்றுத்தரும் கூடமொன்றில், அகன்ற மரத்தாலத்தின் முன் நானும் மேலங்கி கட்டி நின்றேன்.

நானூறு கிராம் பக்வீட் மாவு, நூறு கிராம் கோதுமை மாவு. நீர், மாவின் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவு. அந்நீரைச் சிறிது சிறிதாகத் தெளித்து, விரித்த விரல்களால் மாவை வட்டமாகச் சுழற்ற வேண்டும். ஒவ்வொரு துகளும் நனையும் வரை அழுத்தக் கூடாது. எனக்கோ பொறுமையில்லை. பாதி நனைந்ததுமே திரட்டிப் பிசைந்துவிட்டேன். உருளைக்கட்டையின் கீழ் மாவு விரிந்தபோது ஓரமெங்கும் விரிசல். கற்றுத்தந்த மூதாட்டி சிரித்தபடி ஒரு தொழில்மொழியைச் சொன்னார்: கத்திக்கு மூன்று நாள், தேய்ப்பதற்கு மூன்று மாதம், தாலத்துக்கு மூன்று ஆண்டு.

அந்த விரிசலைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், வரலாற்று நூல்களில் வெறும் ஆண்டுகளாகக் கடந்துபோன ஓர் இடைவெளி எனக்கு விளங்கத் தொடங்கியது.

பக்வீட் புல்லினத் தானியமன்று. கோதுமை மாவை இழுத்துப் பிணைக்கும் பசையம் அதில் இல்லை. ஆனால் வளமற்ற மண்ணிலும் குளிர்ந்த மலையிலும் விளையும். விதைத்து ஏறத்தாழ எழுபத்தைந்தே நாளில் அறுவடைக்கு வந்துவிடும். எனவேதான் 722ஆம் ஆண்டு, மழை பொய்த்து நெல் தவறியபோது, பேரரசி கென்ஷோ இதனைப் பயிரிடுமாறு ஆணையிட்டார். பஞ்சத்திற்கான பயிராகவே ஜப்பானிய ஏடுகளில் இது நுழைகிறது.

நூலாக அரிந்த சோபாவைக் குறிக்கும் சொல் 'சோபாகிரி'. இதுவரை கிடைத்துள்ளவற்றுள் அச்சொல்லின் மிகப் பழைய பதிவு 1574ஆம் ஆண்டினது. இதே நாகனோவின் கிசோப் பள்ளத்தாக்கில் உள்ள ஜோஷோஜி என்னும் பௌத்த ஆலயத்தின் பழுதுபார்ப்புக் குறிப்பில், பணியின்போது ஒருவர் சோபாகிரி விருந்தளித்ததாக ஒரு வரி வருகிறது. ஆணைக்கும் இவ்வரிக்கும் இடையே 852 ஆண்டுகள்! அதுவரை உழவர்கள் உண்டதெல்லாம் கஞ்சியும், வெந்நீரில் மாவைக் கிளறிய களியுமே. நுண்ணிய மாவு தரும் திரிகைகள் மெல்லவே பரவின என்பது ஒரு காரணம். மற்றொரு காரணம் என் கண்முன் பிளந்து கிடந்தது.

1643இல் அச்சான 'ர்யோரி மோனோகதாரி' என்ற சமையல் நூல் இதற்குச் சான்று தருகிறது. சோபா மாவைச் சோற்றுக் கஞ்சியால் பிசைவது நன்று. வெதுவெதுப்பான நீராலும், தோஃபுவை அரைத்துக் கரைத்த நீராலும் பிசையலாம் என்பது அதன் குறிப்பு. அங்கே கோதுமை பற்றிய பேச்சில்லை. சமையற்காரர்கள் பிணைப்பைத் தேடித் தடுமாறிய தடம் அது. கொதிநீரில் நூல் சிதைந்துவிடும் என்பதால் அக்காலத்தில் மூங்கில் தட்டில் ஆவியில் வேகவைக்கவும் செய்தனர். இன்று ஆவியில் வேகவைப்பதில்லை. ஆயினும் குளிர்ந்த சோபா 'செய்ரோ' என்னும் அதே ஆவித்தட்டின் பெயரால்தான் பரிமாறப்படுகிறது.

பின்னர் கோதுமை சேர்ந்தது. மாவு பணிந்தது. பஞ்சத்தின் பயிர் தலைநகரின் சுவையாயிற்று. தீ விபத்துக்கு அஞ்சி, நெருப்புடன் இரவில் உலவும் சோபா வணிகர்களுக்கு எடோவின் ஆட்சி 1686இல் தடை விதித்தது. ஆனாலும் அவ்வணிகம் ஒழியவில்லை. 1860இல் நகரில் இரவு வண்டிகள் நீங்கலாக 3,763 கடைகள் இருந்தன என்பது அக்காலக் கணக்கு. 'இரண்டு-எட்டு' என்ற பெயர் கோதுமையும் பக்வீட்டும் சேரும் விகிதம் என்பர் சிலர். ஒரு கிண்ணத்தின் விலையான பதினாறு காசு என்பர் வேறு சிலர். வெள்ளரிசி மட்டுமே உண்ட எடோவாசிகளைப் பெரிபெரி நோய் வாட்டியபோது, அரிசி நீக்கிய உயிர்ச்சத்தைச் சோபா தந்தது. காரணம் அறியாமலே அவர்கள் அதனை நாடியிருந்தார்கள்.

பஞ்சகாலத்து உழவருக்கு இந்த நேர்த்தியெல்லாம் வாய்க்கவில்லை என்பதை மறப்பதற்கில்லை. ஒரு சுன், அதாவது ஏறத்தாழ மூன்று சென்டிமீட்டர் அகலத்தை இருபத்து மூன்று இழைகளாக அரிவது எடோக் கைவினைஞரின் அளவு. மரப்பலகையைக் கத்தியோடு நகர்த்தியவாறு நான் அரிந்தவற்றில் சில நாடாவாகவும் சில குச்சியாகவும் வந்தன.

வேகும்போது பாதி உடைந்தன. மிஞ்சியவற்றை மூதாட்டி தொகாகுஷி வழக்கப்படி ஐந்து சிறு பிடிகளாக மூங்கில் தட்டில் அடுக்கித் தந்தார். உண்டு முடித்ததும், மீந்த குழம்புநீரில் நூல் வெந்த நீரை ஊற்றினார். 'சோபாயு' என்னும் அதனைப் பருகுவது மரபு. என் விரல்கள் பிணைக்கத் தவறிய மாவெல்லாம் அதில் கலங்கியிருந்தது. 852 ஆண்டுகள் மலைமக்கள் உண்டது ஏறத்தாழ இதைத்தான் என்று எண்ணியபடி, சூடாறுமுன் குடித்து முடித்தேன்.