புகழாரம் வேண்டாம், ப்ளீஸ்!

1992, நவம்பர் 16. இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் ஹாக்ஸன் என்று ஒரு கிராமம். அங்கே ஒரு விவசாயி வயலில் தன் சுத்தியலைத் தொலைத்துவிட்டார். நண்பர் எரிக் லாஸ், மெட்டல் டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு தேடப் போனார். தோண்டினால்... வெள்ளிக் கரண்டிகள், தங்கக் காசுகள்! லாஸ் நல்ல மனிதர். எல்லாவற்றையும் தானே அள்ளிவிடாமல், தோண்டுவதை நிறுத்திவிட்டுத் தகவல் கொடுத்தார். மறுநாள் தொல்லியல் நிபுணர்கள் வந்து முறையாகத் தோண்டினார்கள். ரோமானியர் காலத்துக் காசுகள் மட்டும் 14,865! சன்மானம் 17.5 லட்சம் பவுண்டு. புதையல் பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போனது.

சுத்தியல் என்னாச்சு என்கிறீர்களா? அதுவும் கிடைத்தது. அதுவும் மியூசியத்துக்குப் போய்ச் சேர்ந்தது!

இந்தப் புதையலுக்கு இன்னொரு சரித்திரமும் உண்டு. 2010-ம் வருடம் ஜூன் மாதம், லியாம் வயட் என்கிற ஆஸ்திரேலிய இளைஞரை பிரிட்டிஷ் மியூசியம் ஐந்து வாரங்கள் உள்ளே உட்காரவைத்தது. அவர் விக்கிபீடியாக்காரர். சம்பளம் கிடையாது. மியூசியத்து நிபுணர்களையும் விக்கிபீடியாவில் எழுதுபவர்களையும் சேர்த்து வைப்பதுதான் அவர் வேலை. ஹாக்ஸன் புதையல் பற்றிய கட்டுரை அப்படித்தான் செழித்து வளர்ந்து, விக்கிபீடியாவின் 'சிறப்புக் கட்டுரை' அந்தஸ்தைப் பெற்றது. (ஒரு சுவாரஸ்யம்: பிரிட்டிஷ் மியூசியம் மக்களுக்குக் கதவு திறந்தது 1759, ஜனவரி 15. விக்கிபீடியா பிறந்தது 2001, ஜனவரி 15!)

மியூசியம் பரிசும் அறிவித்தது. தன்னிடமுள்ள பொருட்கள் பற்றிய சிறந்த கட்டுரைகள் ஐந்துக்கு, தலா 100 பவுண்டு. 'அட, இது லஞ்சம் மாதிரி இல்லையா?' என்று உங்களுக்குத் தோன்றலாம். நியாயமான சந்தேகம்தான். ஆனால், எது சிறந்த கட்டுரை என்று தீர்மானிக்கும் அளவுகோல் மியூசியத்தின் கையில் இல்லை. விக்கிபீடியாவின் 'சிறப்புக் கட்டுரை' தேர்வில் தேற வேண்டும். அங்கே ஜால்ரா போட்டால் பாஸ் ஆக முடியாது.

ஏன் இவ்வளவு கெடுபிடி? ஓர் உதாரணம் பார்ப்போம்.

பிரிட்டிஷ் மியூசியத்துக்கு வித்திட்டவர் ஹான்ஸ் ஸ்லோன் என்கிற டாக்டர். 'தன் வாழ்நாள் சேகரிப்பைப் பெருந்தன்மையோடு தேசத்துக்கு அளித்த வள்ளல்' என்று எழுதிவிட்டுப் போகலாம். விளம்பர நோட்டீஸ் அப்படித்தான் எழுதும். கலைக்களஞ்சியம் எப்படி எழுத வேண்டும்? '1753-ல் இறந்த ஸ்லோன், சுமார் 71,000 பொருட்களை விட்டுச் சென்றார். தன் வாரிசுகளுக்கு 20,000 பவுண்டு கொடுத்துவிட்டு தேசம் எடுத்துக்கொள்ளலாம் என்பது உயிலின் நிபந்தனை. நாடாளுமன்றம் லாட்டரி நடத்திப் பணம் திரட்டியது. அவர் செல்வத்தில் ஒரு பகுதி, ஜமைக்காவின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகள் சிந்திய வியர்வையிலிருந்து மனைவி வழியாக வந்தது.' முதல் வாக்கியத்தில் ஒரு மகான் தெரிகிறார். இரண்டாவதில் ஒரு மனிதர் தெரிகிறார். 2020-ல் மியூசியமே ஸ்லோனின் மார்பளவுச் சிலையைப் பீடத்திலிருந்து இறக்கி, அடிமை முறை பற்றிய விளக்கத்தோடு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தது!

நடுநிலை என்றால் திட்டுவது என்று அர்த்தமில்லை. ஏதென்ஸிலிருந்து எல்கின் பிரபு கொண்டுபோன பார்த்தினான் சிற்பங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 'காப்பாற்றினார்' என்பது ஒரு கட்சி. 'கொள்ளையடித்தார்' என்பது எதிர்க்கட்சி. கலைக்களஞ்சியம் இரண்டையும் தன் சொந்தக் குரலில் சொல்லக் கூடாது. எல்கினின் ஆட்கள் 1801-ல் பெயர்க்க ஆரம்பித்தார்கள். 1816-ல் பிரிட்டன் 35,000 பவுண்டுக்கு வாங்கியது. கிரீஸ் திருப்பிக் கேட்கிறது. மியூசியம் இன்ன பதில் சொல்கிறது. தீர்ப்பு? அது உங்கள் வேலை!

அதனால்தான் விக்கிபீடியாவில் ஒரு வழக்கம் உண்டு. மியூசியத்தில் வேலை பார்ப்பவர் தன் மியூசியம் பற்றிய கட்டுரையில் நேரடியாகக் கை வைக்காமல் இருப்பது நல்லது. தப்பு இருந்தால், ஆதாரத்தோடு பேச்சுப் பக்கத்தில் எழுதலாம். வேறு யாராவது சரிபார்த்துச் சேர்ப்பார்கள். காசு வாங்கிக்கொண்டு எழுதினால், அதைப் பகிரங்கமாகச் சொல்லியாக வேண்டும். 2014-லிருந்து இது கட்டாயம்.

2023-ஐ நினைத்துப் பாருங்கள். தன் சேகரிப்பிலிருந்து பொருட்கள் காணாமல் போனதை பிரிட்டிஷ் மியூசியம் அந்த ஆகஸ்டில் ஒப்புக்கொண்டது. சுமார் 2,000 பொருட்கள் என்றார்கள். இயக்குநர் ராஜினாமா செய்தார். கட்டுரையை எழுதும் உரிமை மியூசியத்தின் விளம்பரப் பிரிவுக்கு மட்டும் இருந்தால், இந்த விஷயம் அதில் எத்தனை வரி பெறும்? ஒரு வரியாவது பெறுமா?

நமக்கும் இதில் பங்கு இருக்கிறது. அமராவதியில் 1845-ல் வால்டர் எலியட் தோண்டியெடுத்த பௌத்தச் சிற்பங்கள் சென்னைக்கு வந்தன. பல வருடங்கள் வெயிலிலும் மழையிலும் கிடந்தன. 1859-ல் ஒரு பெரும்பகுதி லண்டனுக்குக் கப்பலேறியது. அவை இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில். அமராவதிச் சிற்பங்கள் எழும்பூர் மியூசியத்திலும் இருக்கின்றன. இதை எழுதும்போது, 'எங்கள் பொக்கிஷத்தைத் திருடினார்கள்' என்று கொதிக்கவும் ஆசை வரும். 'நல்லவேளை, அங்காவது பத்திரமாக இருக்கிறது' என்று பெருமூச்சு விடவும் ஆசை வரும். இரண்டையும் ஒதுக்கிவைத்துவிட்டு... யார் எடுத்தார், எப்போது, யார் அனுமதியோடு, இப்போது எங்கே என்று மட்டும் எழுதிப் பாருங்கள்.

எழுதி முடித்ததும் தெரியும், கோபத்தைவிட அந்த நான்கு பதில்களுக்கு எவ்வளவு சக்தி என்று!