ஆதுலசாலையும் ஊர்ப் பொறுப்பும்

ஆதுலன் என்னுஞ் சொற்கு நோயுற்றவன் என்றும் வறியவன் என்றும் இரு பொருள் உண்டு. ஆதுரன் என்னும் வடசொல்லின் திரிபு அது. முப்பத்திரண்டு அறங்களை எண்ணிய நம் முன்னோர் ஆதுலர்க்குச் சாலை என்பதனை அவற்றுள் முன்வைத்தனர். மகப்பெறுவித்தல், நோய்மருந்து என்பனவும் அவ்வெண்ணிலே வருவன. பிணியும் வறுமையும் ஒரு சொல்லில் அடங்கியமை பொருத்தமே. கூலிக்குச் செல்வான் ஒருவன் பத்து நாள் படுத்துவிட்டால் அவன் வீட்டில் உலையேறாது என்பதை ஆலத்தியூர்ப் பக்கத்து நம்மவர்க்கு யாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அவ்வறத்தை ஊரார் எவ்வாறு தம் பொறுப்பாகக் கொண்டனர் என்பதையே ஈண்டு ஆராயப் புகுந்தோம்.

நம் அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராகக் கொண்டு கி.பி. 1063 முதல் 1070 வரை ஆண்ட வீரராசேந்திரன் காலத்துக் கல்வெட்டொன்று திருமுக்கூடல் பெருமாள் கோயிலில் உள்ளது. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடம் அது. வயலைக்காவூர் என்னும் ஊரின் வருவாயைக் கொண்டு அக்கோயிலில் நடத்தப்பெற்ற ஆதுலசாலையின் செலவுக் கணக்கை அக்கல்வெட்டு நெல்லும் காசுமாக விரித்துரைக்கின்றது. நோயாளர் படுக்கை 15. மருத்துவர் ஒருவர், அவர்க்கு ஆண்டுக்கு நெல் 90 கலமும் காசு 8-ம். அறுவைத் தொழில் வல்லார் ஒருவர். பச்சிலை கொணர்ந்து மருந்து காய்ச்ச இருவர், நோயாளரைப் பேண மகளிர் இருவர், நாவிதர் ஒருவர். இராப்பொழுது எரியும் விளக்கிற்கு எண்ணெயும், ஓராண்டு இருப்பில் வைக்கவேண்டிய தைலங்கள், நெய் மருந்துகள், சூரணங்கள் ஆகியவற்றின் பெயர்களும் விடாது பொறிக்கப்பட்டுள்ளன. அரசர் தம் வெற்றிகளைக் கூறும் மெய்க்கீர்த்திகளை மனப்பாடம் செய்யும் நம் மாணாக்கர் இக்கணக்கையும் ஒருமுறை படித்தல் நன்று. நோயாளரைப் பேணும் மகளிரின்றி மருத்துவம் நடவாது என்பது அதனை எழுதினோர்க்கு நன்கு தெரிந்திருந்தது.

ஆயினும் ஒன்று மறைத்தற்கில்லை. அச்சாலை கோயிற் பணியாளர்க்கும் ஆங்குப் பயின்ற மாணாக்கர்க்குமே அமைந்தது. ஏர் பிடித்தவன் அதனுட் படுத்தான் என்பதற்குச் சான்றில்லை. அவனுக்கு உதவியவர் ஊர் மருத்துவரே. வைத்தியக்காணி, வைத்தியபோகம் எனவும், பாம்புக்கடிக்கு மருந்து செய்வார்க்கு விடகரபோகம் எனவும் இறையிலி நிலங்கள் விடப்பட்டமையைக் கல்வெட்டுக்களிற் காண்கின்றோம். இவ்வேற்பாட்டின் நுட்பம் யாதெனின், நிலம் ஊரில் உள்ளது. அதனை நுகர்பவனும் ஊரிலேயே இருத்தல் வேண்டும். நள்ளிரவில் கதவைத் தட்டினால் எழுந்துவரக் கடமைப்பட்டவன் ஒருவன் கூப்பிடு தூரத்தில் இருந்தான்.

பிள்ளைப்பேறு பார்த்தவரோ பெரும்பாலும் நாவிதர் குலத்துப் பெண்டிர். மருத்துவர் என்ற பெயரே அக்குலத்தார்க்கு வழங்கிற்று. நம் பாட்டனாரும் முப்பாட்டனாரும் அவர் கையிலேதான் முதன்முதல் கண் திறந்தனர். அக்கைக்கு நாம் கொடுத்தது அறுவடைக் காலத்து மரக்கால் நெல்லும் திண்ணைக்கு வெளியே ஓரிடமும். குலப்பெருமை பேசும் இவ்விதழில் இதனை எழுதக் கூசுகின்றோம், எழுதாதிருக்கவும் மனமில்லை.

நிற்க, நம் காலத்துச் செய்திக்கு வருவோம். 1946-இல் போர் குழுவினர் அளித்த அறிக்கையையும் 1952 முதல் எழுந்த ஆரம்ப சுகாதார நிலையங்களையும் பலர் அறிவர். அரசினர் கட்டடம் எழுப்பினும் ஊராரும் தம் பங்கைச் சுமக்க வேண்டும் என்று கருதியவர் டாக்டர் கே.எஸ். சஞ்சீவி. அவர் 1958-இல் சென்னையில் நிறுவிய தன்னார்வ சுகாதார சேவை, குடும்பங்கள் தத்தம் வருவாய்க்கேற்பச் சந்தா செலுத்தும் முறையைக் கைக்கொண்டது. பின்னர்ச் சுற்றுப்புறச் சிற்றூர்களில் சிறு நலநிலையங்களை அமைத்து, அவ்வவ்வூர்ப் பெண்களையே முதலுதவிக்குப் பழக்கியது.

இதனினும் எம் நெஞ்சைக் கவர்ந்தது தருமபுரி மாவட்டத்து மலைகளிடையே உள்ள சித்திலிங்கி. 1993-இல் ரெஜி ஜார்ஜ், லலிதா என்னும் மருத்துவத் தம்பதியர் மலையாளிப் பழங்குடியினர் வாழும் அப்பள்ளத்தாக்கிற் குடியேறினர். தொடக்கத்தில் அவர்களுடைய மருத்துவமனை ஒரு கூரைக் குடிசையே. பிறந்த குழந்தைகள் ஆயிரத்துக்கு 147 என்ற அளவில் அன்று ஓராண்டு நிறையுமுன் மாண்டன. அத்தம்பதியர் வெளியூரிலிருந்து செவிலியரை வரவழைக்கவில்லை. மலைப்பெண்களையே பழக்கிச் செவிலியராக்கினர். ஒவ்வோர் ஊராரும் தம்முள் மூத்த பெண்ணொருத்தியைத் தேர்ந்து அனுப்ப, அவர்கள் கருவுற்ற மகளிரையும் கைக்குழந்தைகளையும் பார்த்துவரக் கற்றனர். சாவின் அளவு பின்னாளில் ஆயிரத்துக்கு 20-ஐ ஒட்டி இறங்கிற்று. இறந்திருக்கக்கூடிய அத்தனை குழந்தைகள் இன்று வளர்ந்து நடமாடுகின்றனர் என்று எண்ணும்போது உள்ளம் நெகிழ்கின்றது.

நம் பக்கமும் முன்போல் இல்லை. 2008 முதல் 108 ஊர்தி வருகின்றது. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் மகளிர் குழுவினர் வீடுதோறும் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கின்றனர். 2022-இல் அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. ஆயினும் ஊர்தி வருமளவும் நோயாளியின் அருகிருந்து செய்யத்தக்கதைச் செய்வதற்கும், பெருமருத்துவமனையில் எந்த வாயிலில் நிற்பது என்று தெரியாத மூதாட்டியை உடனழைத்துச் செல்வதற்கும் ஊரில் ஆள் வேண்டும்.

கலியாண மண்டபத்திற்கு நம் சங்கத்தார் பொருள் திரட்டுவதை யாம் குறைகூறவில்லை. அதனுள் ஒரு பங்கை ஒதுக்கி, ஊருக்கு இரு பெண்களை முதலுதவியும் நோயாளர் பேணலும் பயில அனுப்பி, அவர்கள் வீட்டுச் செலவுக்கு ஆண்டுதோறும் இன்னது என்று வரையறுக்கலாம். அப்பெண்கள் நம் குலத்தவராகவே இருத்தல் வேண்டுமென்பதில்லை. அவர்கள் செல்லும் வீடுகளும் நம்மவர் வீடுகளாகவே இருத்தல் கூடாது. அடுத்த பொதுக்கூட்டத்தில் இதனை முதற்பொருளாக எடுத்துக்கொள்ளுமாறு செயலாளர்க்கு எழுதியுள்ளோம். உடன்படும் அன்பர்கள் தாமும் ஒரு வரி எழுதுவார்களாக.