கைப்பந்துத் திறன் மதிப்பீடு: ஒரு வரலாற்று நோக்கு

கைப்பந்து ஆட்டக்காரரின் திறனைப் பயிற்றுநர்கள் எவ்வாறு மதிப்பிட்டு வந்துள்ளனர் என்பதை இக்கட்டுரையில் காண முற்படுகிறோம். சித்தியவான் போன்ற முன்னாள் இரப்பர்த் தோட்ட வட்டாரங்களில், பாடம் கற்பிக்கும் ஆசிரியரே பள்ளிக் குழுவையும் தேர்ந்தெடுக்க நேர்வதுண்டு. ஆதலின் இவ்வரலாறு அவர்களுக்குப் பயன்படும் எனக் கருதுகிறோம்.

1895இல் அமெரிக்காவின் ஹோலியோக் நகரில், ஒய்.எம்.சி.ஏ.வின் உடற்கல்வி இயக்குநர் வில்லியம் மோர்கன் இவ்விளையாட்டை உருவாக்கினார். அவ்வமைப்பின் வழியாகவே இது ஆசியாவிலும் பரவியது. 1920இல் ஹாரி க்ரோ பக் சென்னையில் தொடங்கிய உடற்கல்விக் கல்லூரி, பயிற்றுநர் கல்விக்கு வித்திட்டது.

தொடக்கக் கால மதிப்பீடு கைத்திறனையே அளந்தது. 1945இல் பிரேடி வெளியிட்ட சோதனை இதற்குச் சான்றாகும். சுவரில் 11.5 அடி உயரத்தில் வரையப்பட்ட 5 அடிக் கோட்டிற்கு மேல், ஒரு நிமிடத்தில் எத்தனை முறை பந்தை அடிக்க முடிகிறது என்பதே அளவுகோல். எண்ணிக்கை துல்லியமானது, ஆயினும் சுவருக்குத் தந்திரம் தெரியாது.

பின்னர் அமெரிக்கப் பயிற்றுநர் ஜிம் கோல்மன் முதலானோர், எதிரணியின் முதலடியை ஏற்கும் திறனுக்கு 0 முதல் 3 வரை புள்ளியிட்டனர். அடுத்தவர் எல்லா வகைத் தாக்குதலையும் அமைக்க வாய்ப்பளிக்கும் பந்துக்கே 3 புள்ளி. ஒருவரது திறன், அவர் தோழருக்குத் தரும் வாய்ப்பால் அளக்கப்பட்டதை இங்குக் காண்கிறோம்.

1998இல் அனைத்துலகக் கூட்டமைப்பு, பந்தை முதலில் அடிக்கும் அணி எதுவாயினும் ஒவ்வோர் ஆட்டத் தொடருக்கும் புள்ளி என விதியை மாற்றியது. அதனால் ஒவ்வொரு தவறும் எதிரணிக்குப் புள்ளியாயிற்று. ஓங்கி அடிப்பவரைவிட, எப்போது ஓங்கக்கூடாது என அறிந்தவரின் மதிப்பு உயர்ந்தது எனலாம்.

இவ்வாட்ட அறிவு பந்து கையில் இல்லாதபோதே வெளிப்படும். எதிரணியில் பந்தைத் தூக்கிக் கொடுப்பவரின் தோளைக் கவனிக்கிறாரா? தடுப்பவர் விட்ட இடைவெளியை நோக்கி நகர்கிறாரா? ஒரே நாள் தேர்வில் உயரமும் துள்ளலும் உடனே தென்படும், இவை தென்படா. உயரம் குறைந்த, ஆட்டம் அறிந்த மாணவர் இதனால் விடுபட்டுவிடுகிறார்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது குடும்பங்கள் பெயர்ந்தன, திடல்களும் மறைந்தன. எழுதப்படாத மதிப்பீடு மதிப்பிட்டவரோடே மறையும். எனவே, பல ஆட்டங்களில் கண்டதை ஆசிரியர்கள் குறிப்பேட்டில் பதிவதும், பழைய தோட்ட ஆட்டக்காரர்களின் நினைவுகளைத் திரட்டுவதும் நம் கடமை என்பதை வலியுறுத்துகிறோம்.