ஈரறம் பொருந்திய இல்லம்: தேம்பாவணியும் கத்தோலிக்கத் திருமணக் கொள்கையும்

1901-ஆம் ஆண்டு பாண்டித்துரைத் தேவர் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கம் அமைந்துள்ள சிம்மக்கல் வட்டாரத்தில் தமிழ் பயில்வோர்க்கு வீரமாமுனிவரின் தேம்பாவணியை அறிமுகம் செய்ய வேண்டுவதில்லை. ஆயினும், 1726-இல் முற்றுப்பெற்ற அக்காப்பியத்தின் ஈரறம் பொருத்து படலம், திருச்சபையில் நெடுங்காலம் நிகழ்ந்த தர்க்கம் ஒன்றுக்கு மதுரை மிஷன் துறவி ஒருவர் தமிழில் வரைந்த விடை என்பது என் துணிபு. தம்பதியர் மனமொத்துப் பிரமசரியம் காத்தல் சிறந்ததோ, இறைவன் அருளும் மக்களையெல்லாம் உவந்தேற்றுப் பெருங்குடும்பம் பேணுதல் சிறந்ததோ என்பதே அத்தர்க்கம்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் பொலோஞா நகரத்துக் கிராசியன், மணம் உடன்பாட்டால் தொடங்கித் தேகசம்பந்தத்தால் முழுமை எய்தும் என்றார். பாரிஸின் பேதுரு லொம்பார்து, உடன்பாடே மணத்தை ஆக்குவது என்றார். சூசையப்பருக்கும் மரியம்மைக்கும் நிகழ்ந்தது மெய்யான விவாகமே என்று கொள்பவர்க்குப் பின்னவர் கொள்கையே அரணாயிற்று. அவர்களுக்கு நெடுங்காலம் முன்பே புனித அகுஸ்தீனார், மகப்பேறு, பற்றுறுதி, பிரியாப் பந்தம் ஆகிய திருமண நன்மைகள் மூன்றும் அவ்வில்லத்தில் நிறைந்திருந்தன என்றும், இயேசுவே அங்கு மகப்பேறு என்றும் நிறுவியிருந்தார்.

தேம்பாவணியில் வளன் எனப்படும் சூசையப்பரும் மரியும் மணமுடித்தபின் தத்தம் கன்னிமை விரதத்தை ஒருவர்க்கொருவர் வெளிப்படுத்தி, இல்லறத்தினுள்ளேயே துறவறத்தைப் பொருத்துகின்றனர். இதற்காக இல்லறத்தை இழித்துரைக்க முனிவர்க்கு வேண்டியிருக்கவில்லை. மக்கட்பேற்றுக்கு ஓர் அதிகாரம் வகுத்த திருக்குறளின் முதலிரு பால்களை 1730-இல் லத்தீனில் பெயர்த்தவரும் அவரேயன்றோ! பெரியபுராணத்துத் திருநீலகண்டரும் மனைவியாரும் ஒரே மனையில் முதுமைவரை தீண்டாது வாழ்ந்தனர். ஆனால் அங்கே அது கணவரின் பிழையால் மனைவியார் இட்ட ஆணையில் பிறந்தது. வளனார் இல்லத்திலோ இருவர் சங்கற்பமும் முன்னமே ஒத்திருந்தது.

இந்த ஒப்புதலே இவ்வறத்தின் உயிர்நிலை என்பதை அகுஸ்தீனார் எக்திசியா என்ற மாதுக்கு எழுதிய கடிதம் காட்டுகிறது. கணவன் இசைவின்றியே அவள் விரதம் பூண்டாள். பின்னர் அவனும் இசைந்தான். அதன்பின் அவனைக் கேளாமலே கைம்பெண் உடை தரித்தாள். உடைமையில் பெரும்பகுதியை வழிப்போக்கரான துறவியர் இருவர்க்கு ஈந்தாள். வெகுண்ட கணவன் தன் விரதத்தைக் கைவிட்டுப் பிறன்மனை நாடினான். அகுஸ்தீனார் அவன் பாவத்தை மறைக்கவில்லை. எனினும், விரதத்தை ஏற்றபின்னும் அவன் அவளுக்குக் கணவனே என்று கடிந்து, அவனிடம் மன்னிப்பு வேண்டுமாறு அவளைப் பணித்தார்.

கன்னிமை மணவாழ்வினும் மேலானது என்று 1563-இல் திரிதெந்தின் சங்கம் விதித்ததை எடுத்துக்காட்டி எதிர்வாதம் செய்வோர் உளர். அவ்விதி அந்தஸ்துகளை ஒப்பிடுவது. இல்லற நெறியில் நிற்கும் தம்பதியர்க்கு விரதத்தைக் கட்டளையிடுவதன்று. பிரான்சு தேசத்து அலன்சோன் நகரில் 1858-இல் மணந்த லூயி மார்த்தேனும் செலியும் பத்து மாதகாலம் பிரமசரியம் காத்தனர். குருவானவர் ஒருவர் கூறிய ஆலோசனையால் வழி மாறினர். ஒன்பது மக்களைப் பெற்றனர். நால்வரை இளமையிலேயே புதைத்தனர். எஞ்சிய ஐந்து புதல்வியரும் கன்னியராயினர். அவர்களுள் கடைக்குட்டியே நம் ஆலயங்களில் ரோசாமலர்களோடு நிற்கும் குழந்தை தெரேசம்மாள். இத்தம்பதியர் 2015-இல் புனிதராக உயர்த்தப்பட்டனர். அவ்விரு நிலைகளில் எதையும் திருச்சபை பிழையென ஒதுக்கவில்லை.

1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், கூடி விவேகத்தோடு ஆராய்ந்து பெருங்குடும்பத்தை மனமுவந்து ஏற்கும் பெற்றோரைச் சிறப்பாகப் பாராட்டியது. அங்கும் முன்னிற்பது இருவரின் கூட்டு முடிவே. ஆகவே, மக்கட்தொகையைக் கொண்டோ விரதத்தைக் கொண்டோ ஒரு குடும்பத்தின் பக்தியை அளப்போர்க்கு அகுஸ்தீனாரிடமும் ஆதாரமில்லை, வீரமாமுனிவரிடமும் இல்லை. ஈரறம் பொருத்து படலத்தையும், மக்கட்பேறு அதிகாரத்துக்கு அவர் தந்த லத்தீன் மொழிபெயர்ப்பையும் ஒருசேர வைத்துக் கற்குமாறு ஆராய்ச்சியாளரை வேண்டுகிறேன்.