எஸ்.எம்.பி.எஸ். (மேசைக் கணினி)

பாகங்களைத் தனித்தனியே வாங்கி வீட்டில் கோக்கும் மேசைக் கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி. 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தை 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்னோட்டங்களாக மாற்றுகிறது. 1977-இல் வெளிவந்த ஆப்பிள் 2 கணினியிலேயே இவ்வகை மின்வழங்கி இருந்தது. இன்றைய பெட்டியின் அளவும் இணைப்பிகளும் இன்டெல் 1995-இல் வெளியிட்ட ஏ.டி.எக்ஸ். வரையறையின் வழிவந்தவை.

வாங்குவோர் பெரும்பாலும் மொத்த வாட்டைத்தான் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது 12 வோல்ட் தடத்தை. பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் மின்சாரத்தைப் பெரும்பாலும் அதிலிருந்தே இழுக்கின்றன. லேபிளில் அத்தடத்துக்கு 40 ஆம்பியர் என்றிருந்தால் 480 வாட் கிடைக்கும். ஆர்.டி.எக்ஸ். 4060 கார்டுக்கு என்விடியா குறிப்பிடும் மின்தேவை 115 வாட். ஆனால் கணினிக்குப் பரிந்துரைப்பது 550 வாட் பெட்டி. மற்ற பாகங்களின் தேவை, கண நேரத்தில் எகிறும் மின்னிழுப்பு, தரங்குறைந்த பெட்டிகள் குறித்த எச்சரிக்கை எல்லாம் அந்த இடைவெளிக்குள் அடங்கும்.

2004-இல் தொடங்கிய ‘80 பிளஸ்’ சான்று மின்விரயத்தையே முக்கியமாக அளக்கிறது. ‘கோல்டு’ முத்திரை இருப்பதால் உள்ளே நல்ல கெப்பாசிட்டர் இருக்கும் என்று கொள்ள முடியாது. சோதனையும் ஏறக்குறைய 23 டிகிரி செல்சியஸ் அறையில் நடப்பது. மே மாதச் சென்னைக்கு அது பொருந்தாது. மிகைமின்னழுத்தம், குறுக்குச்சுற்று ஆகியவற்றுக்கான பாதுகாப்பு உண்டா என்பதைத் தனியே பார்க்க வேண்டும்.

கழற்றி மாட்டும் கேபிள் கொண்ட பெட்டிகளில், பெட்டிப் பக்க முனைக்குப் பொதுவான மின்வரிசை கிடையாது. வேறு நிறுவனத்தின் கேபிள் கச்சிதமாகப் பொருந்தினாலும் ஹார்டு டிஸ்க் கருகக்கூடும்.