மலேரியாவும் வன்னி மக்களின் எதிர்ப்பாற்றலும்

ஒட்டுசுட்டானைச் சூழ்ந்த கிராமங்களின் வரலாற்றைக் குளங்களையும் கோயில்களையும் மட்டுங் கொண்டு எழுதிவிடல் இயலாது. மலேரியாக் காய்ச்சலும் அவ்வரலாற்றின் ஒரு கூறாகும். அந்நோயை மக்களின் உடல் எவ்வாறு எதிர்த்தது என்பதே ஈண்டு நோக்கற்குரியது.

1934 இல் மழை பொய்த்தது. தென்மேற்கின் ஆறுகள் வற்றிக் குட்டைகளாயின. அவற்றில் அனோபிலிசு நுளம்பு பெருகியது. தொடர்ந்து எழுந்த கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். கேகாலை, குருநாகல் ஆகிய பகுதிகளே பேரழிவைக் கண்டன. காய்ச்சலுக்குப் பேர்போன வன்னி முதலிய வறண்ட வலயப் பகுதிகளோ அத்துணை அழிவுறவில்லை. காரணம் யாது? மீண்டும் மீண்டும் தொற்றுக்குள்ளாகிய உடல் ஓரளவு எதிர்ப்பாற்றலைப் பெற்றிருந்தது. தென்மேற்கு மக்களுக்கு அது இல்லை. பஞ்சமும் அவர்களை முன்னரே நலிவித்திருந்தது.

எனினும் வன்னியின் எதிர்ப்பாற்றலைப் பெருமையாகக் கொள்ளற்கில்லை. அதற்கு விலையாகக் கொடுக்கப்பட்டவை குழந்தைகளின் உயிர்கள். முதற் கருவுற்ற தாயரிடத்தும் அவ்வாற்றல் தளர்ந்தது. நோய்க்கிருமி நச்சுக்கொடியிற் தங்கித் தாயையும் சேயையும் ஒருங்கே வருத்தியது.

மேலும், அவ்வாற்றல் நிலையானதுமன்று. தொற்று நீங்கிய சில ஆண்டுகளில் அதுவும் குன்றும். 1940களின் நடுப்பகுதியிலிருந்து டி.டி.ரி. தெளிக்கப்பட்டதன் பயனாக, 1963 இல் நாடு முழுவதிலும் 17 நோயாளரே காணப்பட்டனர். விழிப்பு தளர்ந்தது. 1968, 1969 ஆம் ஆண்டுகளில் நோயாளர் தொகை பல இலட்சங்களைத் தாண்டியது. அத்தசாப்தத்திலேயே முத்தையன்கட்டில் இளைஞர் குடியேற்றம் நிகழ்ந்தது. வெளியிலிருந்து வந்த இளைஞனுக்கும், காய்ச்சல் அடங்கிய காலத்தில் இம்மண்ணிற் பிறந்த சிறுவனுக்கும் இந்நோயின் முன் அதிக வேறுபாடு இருந்திராது.

2012 இன் பின்னர் உள்நாட்டுத் தொற்று அற்றுப்போக, 2016 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. இது பெருவெற்றியே. ஆயின் அதன் மறுபுறத்தையும் காணல் வேண்டும். இன்று வன்னியில் வளருங் குழந்தை, 1934 இன் கேகாலைக் குழந்தையைப் போன்றே எதிர்ப்பாற்றல் அற்றது. கருவுற்றோர், மண்ணீரல் அகற்றப்பட்டோர் ஆகியோருக்கு ஆபத்து இன்னும் மிகுதி. நுளம்பு இந்நாட்டை விட்டு நீங்கவுமில்லை.

ஆகவே, மலேரியா உள்ள நாடுகளுக்குச் செல்வோர் முன்னரே தடுப்பு மருந்து உட்கொள்ளலும், மீண்டபின் காய்ச்சல் கண்டால் தம் பயணத்தை மருத்துவரிடங் கூறி இரத்தப் பரிசோதனை செய்தலும் இன்றியமையாதன. முன்னோருக்கு உடல் ஓரளவு அளித்த காவலை இனி நம் விழிப்பே அளித்தல் வேண்டும். 1963 இன் வெற்றி ஐந்தே ஆண்டுகளிற் கைநழுவியமையை வரலாறு நமக்குக் காட்டியுள்ளது.